வாசலுக்குப் போகிறவர்கள்

ஒரு குழந்தை பெற்றோரிடமே இருக்கட்டுமா, பாட்டி வீட்டுக்குப் போகட்டுமா, இல்லத்தில் சேரட்டுமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைகள் நலக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்தக் குழந்தையின் வீட்டை அவர்களில் யாரும் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர் வேறொருவர். பேருந்து போகாத ஊருக்கு ஸ்கூட்டியில் போய், டீக்கடையில் வழி கேட்டு, திண்ணையில் உட்கார்ந்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டாரிடம் நாலு வார்த்தை பேசித் திரும்பி வந்து, சில பக்கங்கள் எழுதிக் கொடுத்தவர் அவர். அந்தப் பக்கங்களை வைத்துத்தான் குழு முடிவெடுக்கும்.

அப்படி எழுதிக் கொடுப்பவர்களுக்கு மேலதிகாரியாகப் பல ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் பற்றியிருக்கும் எண்ணம் ஒன்றுதான்: குழந்தையைக் காக்க நினைக்கும் அரசு, அந்தக் குழந்தையின் வாசலுக்குப் போகிறவரைத் தனியாக விடக் கூடாது.

தென்பெண்ணை ஓடும் வட மாவட்டங்களில் ஒன்று எங்களுடையது. 2009இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஒரு பாதுகாப்பு அலகு உருவானபோது, சமூகப் பாதுகாப்புத் துறையில் நன்னடத்தை அலுவலராக இருந்த என்னை அதற்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். பழைய அரசுக் கட்டடம் ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. பாதுகாப்பு அலுவலர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், கணக்காளர் என்று பணியிடங்கள் பல இருந்தாலும், வீடு வீடாகப் போவதற்கென்றே இருந்தவர்கள் 2 சமூகப் பணியாளர்களும் 2 புறத்தொடர்புப் பணியாளர்களும்தான். மலையும் காடும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளும் கொண்ட மாவட்டத்துக்கு நாலு பேர். திட்டத்தில் இருந்த எண்ணிக்கையே அவ்வளவுதான். எல்லோருக்கும் தொகுப்பூதியம். ஆண்டு முடிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அவர்கள் போன வீடுகள் எப்படிப்பட்டவை என்று சொன்னால்தான் அந்த வேலையின் பாரம் புரியும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும், தை பிறந்தால் செங்கல் சூளைக்கும் போய்விடும். பிள்ளைகள் பாட்டியோடு இருப்பார்கள். பாட்டிக்குக் கண் தெரியாது, அல்லது பாட்டியே ஆடு மேய்க்கப் போயிருப்பார். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அதன் பிறகு மலைப்பக்கம் எந்த வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போனாலும் முதல் கேள்வி, “நீங்க போலீஸா?” என்பதாகத்தான் இருந்தது. கையில் கோப்போடு வருகிற யாரையும் அந்த மக்கள் நம்பத் தயாராக இல்லை. கோப்பைப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்து, மழையைப் பற்றியும் சாமை விளைச்சலைப் பற்றியும் பேசி, இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ போகும்போதுதான் பிள்ளையைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியும். அந்த முதல் இரண்டு பயணங்களும் மாதாந்திர அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் வராது.

நான் சமூகப் பணி படித்தது சென்னை எழும்பூரில், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில். அங்கே ஆல்ஃபிரட் கடூஷின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மேற்பார்வையைப் பற்றி 1976இல் எழுதிய நூலைப் படித்தோம். மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் என்பார் அவர். நிர்வாகம் ஒன்று, கற்றுக்கொடுப்பது ஒன்று, தாங்கிப் பிடிப்பது ஒன்று. நம் அலுவலகங்களுக்கு முதலாவது நன்றாகத் தெரியும். நாட்குறிப்பைச் சரிபார்ப்பது, பயணப்படிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது, மாத அறிக்கை ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. மற்ற இரண்டுக்கும் கோப்பும் கிடையாது, நேரமும் கிடையாது. அந்த நேரத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை ஒதுக்கினேன். ஒவ்வொரு களப்பணியாளரும் தனித்தனியாக வந்து உட்கார வேண்டும். அந்த வாரம் தன் மனதை அதிகம் தொந்தரவு செய்த குழந்தை யார் என்று சொல்ல வேண்டும். எத்தனை மனு முடிந்தது, எத்தனை நிலுவை என்பதெல்லாம் திங்கட்கிழமைக்கு. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு குழந்தை. முதலில் அவர்களுக்கு இது விளங்கவில்லை. “எல்லாமே நார்மலாதான் போகுது மேடம்” என்பார்கள். நாள் போகப்போக, நான் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்கள்.

கற்றுக்கொடுத்தல் என்று நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் அவர்கள் எழுதிய அறிக்கையை அவர்களோடு சேர்ந்து வாசித்ததுதான். சமூக விசாரணை அறிக்கை என்பது 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் படிவம் 22. குடும்பம், வருமானம், வீடு, பள்ளி, பழக்கவழக்கம், அக்கம்பக்கத்தார் கருத்து என்று கட்டங்கள் நீளும். கட்டங்களை நிரப்பிவிட்டால் அறிக்கை ஆகிவிடும் என்ற நினைப்பு புதிதாக வருபவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். நான் மூன்று நிறப் பேனாக்கள் வைத்திருந்தேன். கண்ணால் பார்த்ததற்குக் கீழே நீலக் கோடு. பிறர் சொல்லிக் கேட்டதற்குப் பச்சை. எழுதியவரே நினைத்துக்கொண்டதற்குச் சிவப்பு. கோட்டை அவர்களே போட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதிய முதல் அறிக்கைகளில் ஒன்று இன்றும் நினைவிருக்கிறது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை, பள்ளிக்குப் போகவில்லை என்று குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். “தாய் பொறுப்பற்றவர். குழந்தைகளைக் கவனிப்பதில்லை. குடும்பச் சூழல் குழந்தைக்கு உகந்ததாக இல்லை. இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது” என்று முடித்திருந்தார். கோடு போடச் சொன்னேன். பக்கம் முழுவதும் சிவப்பும் பச்சையுமாக வந்தது. நீலம் மூன்றே இடத்தில்தான். பகல் பன்னிரண்டு மணிக்குத் தாய் வீட்டில் இல்லை. அடுப்பு எரியவில்லை. மூத்த பெண் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“அம்மா எங்க போயிருந்தாங்கன்னு கேட்டீங்களா தம்பி?”

“நூறு நாள் வேலைக்குன்னு பக்கத்துல சொன்னாங்க மேடம்.”

“திரும்பி வர்ற நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்க.”

மாலை ஆறு மணிக்குப் போனார். அந்தத் தாய் ஏரிக்கரை வேலையிலிருந்து வந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். கணவன் விட்டுப் போய் இரண்டு வருடம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தாள். அங்கன்வாடியில் சின்னவனைச் சேர்க்கப் போனபோது ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தம்பி மறுநாள் அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசினார். ஒரே வாரத்தில் சின்னவன் அங்கன்வாடியில், பெரியவள் வகுப்பில். அறிக்கையை அவர் புதிதாக எழுதினார். அதில் பாதிக்கு மேல் நீலக் கோடு. பன்னிரண்டு மணிக்குப் பார்த்த அதே வீடுதான், அதே அடுப்புதான். ஆறு மணிக்கும் போய்ப் பார்த்ததால் ஒரு குழந்தை தன் தாயிடமே இருந்தாள்.

இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அடிப்படைக் கொள்கையாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் படியேறி வந்தவர்கள் கேட்டதெல்லாம் இல்லத்தைத்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டு, மேலே எழுதிய குறிப்போடு எங்களிடம் வருவார்கள். “புருஷன் செத்துட்டாரு, ரெண்டு புள்ளைங்களையும் ஹோம்ல சேத்துக்குங்கம்மா. மூணு வேளை சோறாச்சும் கெடைக்கும்.” அந்தத் தாயின் எதிரே உட்கார்ந்து, பிள்ளையைப் பிரிக்காமல் இருக்க என்ன வழி என்று பேசத் தொடங்குவது மிகக் கடினமான வேலை. எதிரில் இருப்பவருக்கு அது மறுப்பாகத்தான் கேட்கும். அருகிலிருக்கும் களப்பணியாளருக்கோ, ஒரு கையெழுத்தில் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும் என்றால் ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி நியாயமானது. அதை அவர்கள் என்னிடம் உரக்கக் கேட்க வேண்டும் என்றே விரும்பினேன்.

எங்கள் கையில் இருந்த மாற்று வழி நிதி ஆதரவுத் திட்டம். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினரிடம் வளரும் பெற்றோரில்லாப் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோயாலோ விபத்தாலோ பெற்றோர் முடங்கிப்போன வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்கு மாதந்தோறும் பணம். முன்பு 2,000 ரூபாயாக இருந்தது. பின்னாளில் மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் 4,000 ஆனது. பழைய விதிப்படி கிராமத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 24,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 2,000. அப்படி ஒரு வருமானச் சான்று வாங்க ஒரு விதவைத் தாய் தாசில்தார் அலுவலகத்துக்கு எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டும் என்பதைக் களப்பணியாளர்தான் அறிவார். பின்னர் இந்த வரம்பு கிராமத்துக்கு 72,000, மற்ற இடங்களுக்கு 96,000 என்று உயர்ந்தபோது எங்கள் அறையில் எல்லோருக்கும் கண் கலங்கியது. முன்பு தகுதியில்லை என்று திரும்பிப்போன எத்தனையோ முகங்கள் அவர்கள் நினைவில் இருந்தன. பழைய பதிவேட்டை எடுத்து, அந்த வீடுகளைத் தாங்களாகவே தேடிப் போனார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

ஆய்வுக் கூட்டங்களில் எண்ணிக்கை கேட்பார்கள். மீட்கப்பட்ட குழந்தைகள் எத்தனை, நிறுத்தப்பட்ட திருமணங்கள் எத்தனை. எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண்ணாவிட்டால் அரசுக்குக் கண்ணே தெரியாது. ஆனால் எண்ணிக்கை ஒரு குழந்தையின் கதையை நடுவிலேயே முடித்துவிடுகிறது. குழந்தைத் திருமணத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆவணி, தை முகூர்த்த நாட்களுக்கு முந்தைய இரவுகளில் எங்கள் தொலைபேசி ஓயாது. 2006ஆம் ஆண்டுத் தடைச் சட்டப்படி தடுப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலர். அவருடைய ஊர்நல அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், காவலர் இவர்களோடு எங்கள் பணியாளரும் போவார். பந்தல் போட்டாயிற்று, பாத்திரம் வந்தாயிற்று, உறவெல்லாம் கூடியாயிற்று. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று நிறுத்தச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அப்படிப் போன எங்கள் பணியாளர்கள் பெரும்பாலும் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பதை நான் மாற்றவே முடியாத விதியாக வைத்திருந்தேன். துணை வரும்வரை வாசலுக்குப் போகாதே, தாமதமானால் பதில் சொல்ல நான் இருக்கிறேன் என்பேன்.

திருமணம் நின்றுவிடும். பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள். பதிவேட்டில் ‘நிறுத்தப்பட்டது’ என்று ஏறும். அதற்கு மறுநாள் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? பள்ளிக்குப் போகிறாளா, ஊர் பேசும் பேச்சைத் தாங்குகிறாளா, வீட்டில் அடி வாங்குகிறாளா, மாமன் ஊருக்கு அனுப்பப்பட்டாளா? இதற்காகத் தனியாக ஒரு நோட்டு போட்டோம். மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை, அதன் பிறகு பதினெட்டு முடியும் நாள் வரை பார்த்து எழுத வேண்டும். அந்த நோட்டை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ஆனால் அலுவலகத்தில் அதிகம் புரட்டப்பட்டது அதுதான்.

ஒருமுறை, திருமணம் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அடுத்த மாதமே எல்லை தாண்டி ஆந்திரத்துக் கோயில் ஒன்றில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். மூன்றாம் மாதம் பார்க்கப் போன சமூகப் பணியாளருக்குச் செய்தி தெரிந்தது. திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்தார். “நான் அன்னைக்கு நிறுத்தாம இருந்திருந்தா, அவ அம்மா ஊர்லயாவது, எல்லாரும் பாக்க நடந்திருக்கும் மேடம். இப்போ யாருக்கும் தெரியாத ஊர்ல இருக்கா” என்றார். அவருக்கு ஆறுதல் வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நடந்தவை அனைத்தையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். யார் என்ன சொன்னார்கள், பெண் என்ன சொன்னாள், எந்த உறவினர் முகத்தில் என்ன தெரிந்தது எல்லாவற்றையும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பேசும்போதே, அந்தப் பெண் கிளம்பும்போது தன் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது. குழந்தைத் திருமணத்தை வேண்டாம் என்று ரத்து செய்யும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்து இரண்டு ஆண்டுகள் வரை சட்டம் அவகாசம் தருகிறது. ஆகவே இந்தக் கோப்பை மூடக் கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தகவலை அந்த ஊர் அதிகாரிகளுக்கும் அனுப்பினோம். அந்தப் பணியாளர் தன் எண்ணை மாற்றவே இல்லை. வேலையை விட்டுப் போன பிறகும் அதே எண்தான்.

தாங்கிப் பிடிப்பது என்று கடூஷின் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது 2012க்குப் பிறகுதான். அந்த ஆண்டு நவம்பர் 14 முதல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வீட்டுக்குள் புதைந்து கிடந்தவை எங்கள் மேசைக்கு வரத் தொடங்கின. ஆறு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து வருவதைக் கேட்டுவிட்டு, அதை எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைக்குத் தலை வார வேண்டும். எங்கள் ஆற்றுப்படுத்துநர் ஒருநாள், “எங்க வீட்டுக்காரர் பாப்பாவைத் தூக்கினாக்கூட என் மனசு பதறுது மேடம். அவரு தங்கமான மனுஷன். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல” என்று சொல்லி அழுதார். அவர் கெட்டியானவர் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இந்த வேலையில் இப்படி ஆவது இயல்பு என்றும், இதற்குப் பெயர் உண்டு, வழியும் உண்டு என்றும் சொன்னேன். சில வாரங்களுக்கு அப்படிப்பட்ட வழக்குகளை வேறொருவருக்கு மாற்றினேன். மனநல மருத்துவர் ஒருவரிடம் போய்வர ஏற்பாடு செய்தேன். அந்த வாரங்களில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் நினைத்துவிடாதபடி பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களை அவர் பொறுப்பில் விட்டேன். திரும்பி வந்தபோது முன்னைவிட நிதானமாகக் கேட்பவராக இருந்தார்.

அழுகிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அழாதவரைப் பற்றித்தான் கவலை. ஒரு பணியாளர் களைத்துவிட்டார் என்பதை அவருடைய அறிக்கைகளே காட்டிக்கொடுக்கும். பத்து வீடுகளைப் பற்றியும் ஒரே வாக்கியங்கள் வரும். எல்லா வீட்டிலும் ‘பொருளாதாரத்தில் பின்தங்கிய நிலை’, எல்லாக் குழந்தையும் ‘சோர்வாகக் காணப்பட்டது’. ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய ஆபத்து. மூத்த பணியாளர் ஒருவரிடம் இதைக் கண்டபோது, அவரை அழைத்து அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அடுத்த வீட்டுப் பார்வைக்கு நானும் வருகிறேன் என்றேன். அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த வீட்டில் அவர் எதுவும் கேட்காமலே ஒரு சிறுவன் ஓடி வந்து தன் கணக்கு நோட்டைக் காட்டினான். போன முறை அவர் சொல்லிக் கொடுத்த பெருக்கல் கணக்கை அவன் தானாகப் போட்டிருந்தான். “இதை ஏன் சார் எழுதல?” என்று கேட்டேன். “இதெல்லாம் எழுதுற விஷயமா மேடம்?” என்றார். எழுத வேண்டிய விஷயமே அதுதான் என்றேன். அந்த மாத அறிக்கையில் அந்தப் பெருக்கல் கணக்கு இருந்தது.

2021இன் இரண்டாம் அலை எங்களை உலுக்கியது. கொரோனாவால் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம், உறவினரிடம் வளரும் பெற்றோரில்லாக் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. மனு ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். துக்கம் கலையாத வீடுகள். பல இறப்புச் சான்றுகளில் கொரோனா என்ற சொல்லே இல்லை. அந்தச் சான்றுகளை எளிமையாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் தீர்ப்பளித்தும், ஊரில் ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் நடக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் பணியாளர்களும் தங்கள் வீடுகளில் ஆட்களை இழந்துகொண்டிருந்தார்கள். அப்பாவைப் பறிகொடுத்த பதினாறாம் நாள் வேலைக்கு வந்த பெண்ணொருத்தி, அப்பாவை இழந்த இன்னொரு வீட்டுக்கு அன்றே போகக் கிளம்பினாள். போக வேண்டாம் என்றேன். “நான் போனாத்தான் மேடம் அந்த அம்மா பேசுவாங்க” என்றாள். நானும் கூடப் போனேன். இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருக்க, நான் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். அன்றைக்கு மேற்பார்வை என்றால் அதுதான்.

இவ்வளவு செய்கிறவர்களின் வேலைக்கு அடுத்த ஆண்டு உத்தரவாதம் கிடையாது. நல்ல பணியாளர்கள் பலர் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒருவர் போகும்போது குழந்தை தன் கதையை இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு எங்களால் முடிந்த ஒரு வழியைக் கண்டோம். விலகுகிறவர், புதியவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு முக்கியமான வீடுகளுக்கெல்லாம் போய் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் விலக வேண்டும். “இனிமே இந்த அக்கா வருவாங்க, என்கிட்ட சொன்னதெல்லாம் இவங்ககிட்ட சொல்லலாம்” என்று குழந்தையிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். கோப்பைக் கைமாற்றுவது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதலில் சட்டம் கொண்டுவந்த மாகாணம் சென்னை. 1920இல் வந்தது மெட்ராஸ் குழந்தைகள் சட்டம். நூறாண்டுக்கு மேலான அந்த மரபுக்கு நாம் உரியவர்கள். சட்டங்கள் வளர்ந்திருக்கின்றன, தொகைகள் கூடியிருக்கின்றன. இனி செய்ய வேண்டியதை என் அனுபவத்திலிருந்து திட்டவட்டமாகச் சொல்வேன். களப்பணியாளர்களின் எண்ணிக்கை மாவட்டத்தின் பரப்புக்கும் மக்கள்தொகைக்கும் ஏற்ப உயர வேண்டும். அவர்களுக்கு நிரந்தரப் பணி வேண்டும். பயணப்படி அந்தந்த மாதமே கைக்கு வர வேண்டும். பெட்ரோலுக்குக் காசில்லாமல் தள்ளிப்போன ஒரு வீட்டுப் பார்வை எப்படிப்பட்ட விலையைக் கேட்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. இவற்றோடு, ஒவ்வொரு களப்பணியாளரும் வாரம் ஒரு மணி நேரம் தன் மேலதிகாரியோடு உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவதை அரசாணையிலேயே எழுதிவைக்க வேண்டும். அது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்து நடக்கும் நல்ல காரியமாக இருக்கக் கூடாது. பணியாளரின் உரிமையாக இருக்க வேண்டும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு நாற்காலி, மூடிய ஒரு கதவு, கேட்பதற்கு ஓர் ஆள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்த பணியாளர்கள் இரண்டாம் முறை வாசலுக்குப் போனார்கள். பன்னிரண்டு மணிக்குப் பார்த்ததை ஆறு மணிக்கும் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் எந்த மூலையிலுள்ள வீட்டுக்கும் அப்படி இரண்டாம் முறை போகிற ஒருவர் இருக்க வேண்டும். அவர் திரும்பி வரும்போது, “என்ன பார்த்தீங்க, சொல்லுங்க” என்று கேட்க அலுவலகத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டும்.